எச்சிலா, மூக்குக் குச்சியா?

காசிமேடு, ராயபுரம் போன்ற நெருக்கமான பகுதிகளில் வைரஸ் பரவலைக் கண்காணிக்க எச்சில் பரிசோதனையே மேல் என்பேன். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டதும் குழந்தைகள் அலறியதை மறக்க முடியுமா? எச்சில் என்றால் குப்பியில் துப்பினால் போதும். மாதிரி எடுப்பவர் முகத்தருகே நிற்க வேண்டியதில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் 'சலைவாடைரக்ட்' முறைக்கு 2020 ஆகஸ்டில் அமெரிக்கா அவசர அனுமதி தந்தது. அதில் வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வைத் தனியே பிரித்தெடுக்கும் வேலையே இல்லை, செலவும் குறைவு.

ஆனால் சாப்பிட்ட கையோடு, வெற்றிலையோ மாவா புகையிலையோ மென்ற வாயோடு கொடுத்தால் முடிவு கெடலாம். அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். கொழகொழவென்ற எச்சில் ஆய்வகத்துக்கும் தொல்லை. ஃப்ளூவுக்கு இன்னும் மூக்குக் குச்சிதான் வழக்கம். டெங்கு சந்தேகமா? இரண்டையும் விடுங்கள், ரத்தம் கொடுங்கள்.