குவர்க்கிள், அசூல், ஹெக்ஸ்: மழைக்கால வீட்டுக்கு எந்த ஆட்டம்?

மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் பிள்ளைகள் வீட்டுக்குள்தான். வெளியே சேறு, உள்ளே ஆளுக்கொரு ஃபோன். கரண்ட் போனால் அதுவும் இல்லை. கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் அண்ணன்மார் "என்ன கேம் வாங்கி அனுப்ப?" என்று கேட்கும்போது பலரும் கரம் பலகையைத் தாண்டி யோசிப்பதில்லை. கட்டைகளைப் பொருத்தி வடிவம் உண்டாக்கும் ஆட்டங்களையும், இரு கரையை இணைக்கும் ஆட்டங்களையும் நான் சொல்வேன். இவற்றில் வாசிக்க ஒரு சொல்லும் கிடையாது. பள்ளிக்கூடமே பார்க்காமல் கொழுந்து பறிக்கப் போன அம்மாயியும் ஏ.எல். படிக்கும் பேத்தியும் சமமாக உட்காரலாம். மலையகத்து வீட்டுக்கு இதைவிடப் பெரிய தகுதி வேறில்லை.

முதலில் கார்கசோன். கிளாவுஸ் யூர்கன் விரேட உருவாக்கி 2000-இல் வந்தது, 72 நிலக் கட்டைகள். அருமையான ஆட்டம்தான். ஆனால் வயல்வெளிக்குப் புள்ளி எண்ணும் விதத்தைப் புதியவருக்கு விளங்கப்படுத்துவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். கட்டைகள் அட்டையில் செய்தவை என்பதால் நம் பக்கத்து ஈரத்தில் உப்பிவிடுமோ என்ற கவலையும் உண்டு. சூரோவில் ஒன்றுக்கொன்று வேறான 35 பாதைக் கட்டைகள் இருக்கின்றன. எட்டுப் பேர் வரை ஆடலாம், கால் மணி நேரத்தில் முடியும். லீவுக்குப் பெரியம்மா வீட்டுப் பிள்ளைகளும் வந்து கூடும் நாளுக்கு நல்லது, ஆனால் ஆழம் குறைவு.

உண்மையான போட்டி மற்ற மூன்றுக்கும் இடையில்.

அசூலை மிக்கேல் கீஸ்லிங் 2017-இல் தந்தார். அடுத்த ஆண்டே ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருது கிடைத்தது. போர்த்துக்கல் சுவர்களில் பதிக்கும் வண்ண ஓடுகள்தான் கரு. ஐந்து நிறங்களில் 100 ஓடுகள். ஒரு தட்டில் உள்ள நாலு ஓடுகளில் ஒரு நிறத்தை முழுதாக எடுக்க வேண்டும், மிச்சம் நடுவுக்குப் போகும். நமக்கு வேண்டாதது நடுவில் சேர்ந்து சேர்ந்து கடைசியில் யார் தலையில் விழுகிறது என்பதில்தான் சூடு இருக்கிறது. தன் பலகை வரிசையில் இடம் இல்லாத ஓடு கீழ்வரிக்குப் போகும், அதற்குப் புள்ளி குறையும். கீழ்வரி முழுதும் நிறைந்தால் 14 புள்ளி போய்விடும். இரண்டு பேர் ஆடும்போது ஐந்து தட்டுகள்தான், எதிராளிக்கு என்ன தேவை என்று கணக்குப் போட்டு ஆடலாம். நாலு பேர் என்றால் ஒன்பது தட்டுகள். அவ்வளவு தூரம் யாராலும் எண்ண முடியாது. ஆகவே அசூல் இருவருக்கான ஆட்டம் என்பது என் தீர்ப்பு. இன்னொன்று, ஓடுகள் தட்டையான அட்டைப் பலகையில் சும்மா உட்கார்ந்திருக்கும். பாயில் வைத்து ஆடினால் ஒரு பிள்ளை கால் நீட்டியதும் எல்லாம் இடம் மாறிவிடும். மேசை கட்டாயம்.

குவர்க்கிள் பாயில் நன்றாக ஓடும். 2006-இல் சூசன் மெக்கின்லி ராஸ் உருவாக்கினார், 2011-இல் அதே ஜெர்மன் விருது. தடித்த மரக்கட்டைகள் 108, பலகை தேவையில்லை. ஆறு நிறம், ஆறு வடிவம், ஒவ்வொன்றும் மும்மூன்று. ஒரு வரிசையில் நிறம் ஒன்றாக இருந்தால் வடிவங்கள் வேறாக இருக்க வேண்டும், வடிவம் ஒன்றாக இருந்தால் நிறங்கள். ஆறும் சேர்ந்தால் 12 புள்ளி. விதி இவ்வளவுதான், ஆறு வயதுப் பிள்ளையும் உடனே ஆடும். ஆனால் ஆடத் தெரிந்தவர் ஐந்தாவது கட்டையை வைக்கத் தயங்குவார், ஆறாவதை அடுத்தவர் வைத்து 12-ஐ அள்ளிவிடுவாரே! வரிசையை நாலில் நிறுத்தி, ஆறாவது கட்டையின் மூன்று பிரதியும் ஏற்கெனவே விழுந்துவிட்டதா என்று பார்ப்பது தனிக் கலை. எந்தக் கட்டை கைக்கு வரும் என்பது அதிர்ஷ்டம்; அதனால்தான் சின்னவர்களுக்கும் வெல்ல வாய்ப்பு இருக்கிறது, அதைக் குறையாக நான் எண்ணவில்லை. குறை வேறு: மங்கிய வெளிச்சத்தில் சிவப்பும் ஒரேஞ்சும் ஒன்றாகத் தெரியும். பகலில் இஸ்தோப்பில் உட்கார்ந்து ஆடுங்கள்.

ஹெக்ஸுக்குக் காசே வேண்டாம். டென்மார்க்கின் பீட் ஹைன் 1942-இல் செய்தித்தாள் ஒன்றில் அறிமுகப்படுத்தினார்; சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் ஜோன் நாஷ் தானாகவே இதைக் கண்டுபிடித்தார். அறுகோணக் கட்டங்களில் ஆடுவது வழக்கம். கட்டம் போட்ட கணக்குக் கொப்பியே போதும்: 11 கோடு குறுக்கே, 11 கோடு நெடுக்கே, எல்லாச் சதுரத்திலும் ஒரே பக்கமாக ஒரு சாய்வுக் கோடு. கோடுகள் வெட்டும் 121 புள்ளிகளில் ஒருவர் வட்டம் போடுவார், மற்றவர் புள்ளடி. ஒருவர் மேலிருந்து கீழே, மற்றவர் இடமிருந்து வலம், அறாத தொடர் ஒன்றை முதலில் இணைக்க வேண்டும். ஆடு புலி ஆட்டம் ஆடிய கைகளுக்கு இந்தக் கோடுகள் அந்நியமாகத் தெரியாது.

இதில் சமநிலை என்ற பேச்சே கிடையாது. ஒருவரின் வழியை முற்றாக அடைக்க ஒரே முறைதான் உண்டு, குறுக்கே தன் வழியை முழுதாகப் போட்டுவிடுவது. ஆகவே யாராவது ஒருவர் வென்றே தீர வேண்டும். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பாலம். சாய்வுக் கோடு போகாத மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் பிடித்தால், அவை தொடாமலே இணைந்தவை போல. நடுவில் இரண்டு காலிப் புள்ளிகள் இருக்கும், எதிராளி ஒன்றில் புகுந்தால் நாம் மற்றதில் வைத்துவிடலாம். இது விளங்கிய அன்றிலிருந்து பிள்ளை பக்கத்துப் புள்ளியைப் பிடிப்பதை விட்டு, தள்ளி வைத்து வலை பின்னத் தொடங்கும். அந்த மாற்றத்தைப் பார்க்கும் சந்தோஷத்துக்காகவே ஹெக்ஸை எல்லா வீட்டுக்கும் சிபாரிசு செய்கிறேன்.

முதலில் ஆடுபவருக்கு அனுகூலம் அதிகம். அதற்கு வழி, ரொட்டியை ஒருவர் பிட்டு மற்றவர் துண்டைத் தேர்ந்தெடுப்பது போல: ஒருவர் முதல் குறியைப் போடுவார், மற்றவர் விரும்பினால் அந்தப் பக்கத்தையே தனதாக்கிக்கொள்வார்.

வாங்கி அனுப்பச் சொல்வதென்றால் குவர்க்கிளைச் சொல்லுங்கள், அசூலைப் புதிதாகக் கலியாணமான தம்பிக்கு விடுங்கள். பார்சல் வரும்வரை கொப்பியில் ஏழுக்கு ஏழு கோடு போட்டு ஹெக்ஸ் தொடங்கலாம். அந்த அளவில் பாலம் பழகியபின் பதினொன்றுக்குப் போங்கள்.