வலி, மனச்சோர்வு, பழைய பழக்கம் மூன்றையும் ஒரே ஃபைலில் பார்க்கும் கிளினிக்: என் எட்டு மாதம்

முதுகில் அறுவை சிகிச்சை முடிந்ததும் வலிக்கு எழுதிக்கொடுத்த ட்ரமடாலில் ஆரம்பித்தது என் பழக்கம். இரண்டு வருடத்தில் அது இல்லாமல் படுக்கையை விட்டு எழ முடியாது என்றானது. அதிலிருந்து மீண்டுகொண்டிருக்கும் ஆளாக, எட்டு மாதமாக இந்த கிளினிக்குக்குப் போய்வருகிறேன்.

இதற்கு முன்னால் ஏறாத படி இல்லை. வலி மருத்துவர், "முதல்ல பழக்கத்தை விடுங்க, அப்புறம் வலியைப் பார்க்கலாம்" என்றார். மீட்பு மையத்தில், வலி என்பது மாத்திரை கேட்க ஒரு சாக்கு என்றார்கள். மனநல மருத்துவரோ, வலி போனால் மனசு தானாகச் சரியாகிவிடும் என்று அனுப்பிவைத்தார். வலித்தால் தூக்கம் வராது. தூங்காவிட்டால் மனசு இருண்டுபோகும். அப்போது கை பழைய மாத்திரையைத்தான் தேடும். இதைத் தனித்தனியாக எப்படிப் பிரிப்பது?

இங்கே முதல் நாள் மருத்துவர் ஸ்கேன் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, "ராத்திரி எத்தனை மணிக்கு விழிப்பு வருது?" என்றுதான் ஆரம்பித்தார். பிறகு மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற தாளைத் தந்தார்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள். 27க்கு 19 வந்தது, எண் கூடக்கூட சோர்வும் அதிகம். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது. நான் 'சில நாட்கள்' என்று குறித்திருந்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அரை மணி நேரம் அதைப் பற்றி மட்டுமே பேசினார். அதுவரை என் மனைவியிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை.

பழக்கத்திலிருந்து மீள மீட்பு மையத்தில் ஆரம்பித்த புப்ரினார்ஃபின் மாத்திரையை அப்போது காலையில் ஒரே வேளையாக எடுத்துக்கொண்டிருந்தேன். மாத்திரை ஏக்கம் இல்லை, ஆனால் மதியம் தாண்டினால் முதுகு பிளக்கும். பழைய மாத்திரையை நிறுத்தினால் வரும் விலகல் அறிகுறிகளை அந்த மருந்து ஒரு நாள் முழுக்க அடக்கினாலும், வலியை அடக்குவது ஆறிலிருந்து எட்டு மணி நேரம்தானாம். இதை எனக்கு யாருமே சொன்னதில்லை. அளவை ஒரு மில்லிகிராம்கூட ஏற்றாமல், அதையே மூன்று வேளையாகப் பிரித்துத் தந்தார்கள். ஒரு வாரத்தில் சாயங்காலம் என்று ஒன்று எனக்குத் திரும்பக் கிடைத்தது.

மனச்சோர்வுக்கு டுலாக்ஸெடின். நாள்பட்ட முதுகுவலிக்கும் கொடுக்கப்படும் மருந்து அது. முதல் வாரம் 30 மில்லிகிராம், பிறகு 60. பத்து நாள் குமட்டல் படுத்தியது. ஆறாவது வாரம்தான் வித்தியாசம் தெரிந்தது. இதோடு ட்ரமடால் சேர்ந்தால் வலிப்புகூட வரலாம் என்று முதலிலேயே எச்சரித்திருந்தார்கள்.

நர்ஸைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். "மாத்திரை நாக்குக்கு அடியில முழுசா கரையட்டும் அண்ணா. அப்புறம் ஒரு வாய் தண்ணியைச் சுழட்டி விழுங்கிடுங்க. ஒரு மணி நேரம் கழிச்சுப் பல் தேய்ங்க" என்று செய்தே காட்டினார். வாயில் கரையும் புப்ரினார்ஃபினால் பல் கெடலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022இல் எச்சரித்தது. என் கடைவாய்ப் பல் ஒன்று அதற்குள் போய்விட்டிருந்தது. என் மனைவியையும் உட்காரவைத்து மாத்திரை அளவு மீறி மூச்சு அடங்கினால் காப்பாற்றும் நலாக்ஸோன் மூக்கு ஸ்ப்ரேயை எப்படி அடிப்பது என்று பழக்கினார். விட்டவன் மறுபடி பழைய அளவைத் தொட்டால் உடம்பு தாங்காது, மூச்சே நின்றுவிடலாம் என்பதை அவளிடம் பொறுமையாக விளக்கியதும் அவர்தான்.

குறைகளும் உண்டு. முதுகுவலிக்காரனை இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைப்பது கொடுமை. சாய்ந்து படுக்க ஒரு பெஞ்சாவது போடலாம். குழு சிகிச்சை வேலை நாள் காலையில் மட்டும்தான், வேலைக்குப் போகிறவன் எப்படி வருவான்? இரவில் போன் எடுப்பதில்லை, எங்களுக்குக் கஷ்டம் வருவதே அப்போதுதான். வரவேற்பில் ஒருமுறை என்னை "அடிக்‌ஷன் கேஸ்" என்று சத்தமாகக் கூப்பிட்டார்கள். புகார் சொன்னேன். அடுத்த முறை போனபோது டோக்கன் எண் வந்திருந்தது.

வலி இன்னும் இருக்கிறது. பத்துக்கு எட்டு என்றிருந்தது ஐந்தாகியிருக்கிறது. பிஎச்க்யூ-9 தாளில் போன மாதம் 8. ஏழு நிமிட நடை இருபத்தைந்தாகிவிட்டது, இன்னும் நடப்பேன் என்றாலும் பிசியோதெரபிஸ்ட் விடுவதில்லை. நல்ல நாளில் அதிகம் ஆடிவிட்டு மூன்று நாள் படுப்பதுதான் என் பழைய வழக்கம், அது அவருக்குத் தெரியும்.

முதல் முறை போகிறவர்கள் வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள், ஒளித்துவைத்ததையும் சேர்த்து. நான் பையைக் கவிழ்த்தபோது யாரும் திட்டவில்லை. ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.