பனிக்காலப் படங்களும் கிம்ப் மென்பொருளின் ஓவிய ஃபில்டர்களும்

கனடாவிலும் நோர்வேயிலும் வாழும் உறவினர்கள் அனுப்பும் பனிக்காலப் படங்கள் இல்லாத கைப்பேசி திருகோணமலையில் அரிது. அவற்றுள் நல்ல நிலக்காட்சி ஒன்றை ஓவியம்போல் மாற்றி, சட்டமிட்டுச் சுவரில் மாட்ட விரும்புவோருக்கு, கட்டணமின்றிக் கிடைக்கும் கிம்ப் என்னும் படத்திருத்த மென்பொருளையே பரிந்துரைப்பேன். 1996இல் முதன்முதலாக வெளியான இம்மென்பொருளின் 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது.

இதில் பலரும் முதலில் தொடுவது, படத்தை எண்ணெய் வண்ண ஓவியம்போல் மாற்றும் ஆயிலிஃபை. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு சிறு வட்டத்தை எடுத்து, அதற்குள் எந்த நிறம் மிகுந்திருக்கிறதோ அதையே அந்தப் புள்ளிக்கு இந்த ஃபில்டர் கொடுக்கிறது. கோணேசர் கோயில் அமைந்த பாறையையும் அதன் கீழே மோதும் மாரிக்காலக் கடலையும் எடுத்த படத்துக்கு இது மிகவும் பொருந்துகிறது. பாறையின் கபில நிறமும் அலையின் சாம்பல் நீலமும் தடித்த தூரிகைத் தீற்றல்களாகத் திரண்டு நிற்கின்றன. பனிப் படத்திலோ கதை வேறு. இலையுதிர்ந்த மரத்தின் மெல்லிய கிளைகளைச் சுற்றி எங்கும் வெண்மையே மிகுந்திருப்பதால், பெரும்பான்மை வென்று கிளை நுனிகள் அடியோடு மறைந்துவிடுகின்றன. ரொறன்ரோவிலிருந்து மருமகள் அனுப்பிய படமொன்றில் வேலிக் கம்பிகள் முழுவதும் கரைந்துபோய்த் தூண்கள் மட்டுமே மிஞ்சின. வட்டத்தின் அளவைக் குறைத்தால் கம்பிகள் திரும்பி வருகின்றன. ஆனால் ஓவியத் தன்மை போய்விடுகிறது.

இந்த இடத்தில் கைகொடுப்பது கார்ட்டூன் ஃபில்டர். சுற்றுப்புறத்தைவிடக் கருமையாக உள்ள பகுதிகளை அது மேலும் கருமையாக்குவதால், கிளைகள் மை தொட்டு வரைந்தவைபோல் தெளிவடைகின்றன. ஒரே படத்தின் இரு பிரதிகளை அடுக்கி, கீழடுக்குக்கு ஆயிலிஃபையையும் மேலடுக்குக்குக் கார்ட்டூனையும் இட்டு, மேலடுக்கின் கலப்பு முறையை, இரு அடுக்குகளிலும் கருமையானதையே காட்டும் டார்க்கன் ஒன்லி என மாற்றினால், எண்ணெய் வண்ணப் பனியும் கூரிய கிளைகளும் ஒரே படத்தில் அமைகின்றன. எனக்கு மிகுந்த நிறைவு தந்த முறை இதுவே. பனியின் மீது விழும் நிழல் நீலமாகத் தெரிவது வானத்தின் ஒளியால் என்பதால், அதைக் குறையென்று கருதித் திருத்திவிடக் கூடாது. அந்த நீலம் போனால் குளிரும் போய்விடும். சொஃப்ட்குளோ என்னும் ஃபில்டர் வெளிச்சப் பகுதிகளை மேலும் வெளிற வைப்பதால் பனிப் படங்களுக்கு ஆகாது.

3.0 பதிப்பில் ஆயிலிஃபை போன்ற ஃபில்டர்களை இட்ட பிறகும் அவற்றின் அளவுகளை மாற்றிக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. கோப்பை கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் வடிவில் சேமித்தால் அடுத்த நாளும் அதே இடத்திலிருந்து தொடரலாம். கிம்பிரஷனிஸ்ட் என்னும் ஃபில்டருக்கு இவ்வசதி இல்லாதது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது, ஏனெனில் தூரிகையின் வடிவம், திசை, தாளின் தன்மை ஆகியவற்றைத் தனித்தனியே தேரக்கூடிய அந்த ஃபில்டரில்தான் மீண்டும் மீண்டும் திருத்திப் பார்க்கும் தேவை மிகுதி.

வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பப்படும் படம் சுருக்கப்பட்டுவிடுவதால், வெண்பரப்பில் சிறு சதுரங்கள் தோன்றும். ஃபில்டர் அவற்றையும் தீற்றல்களாக மாற்றிவிடும். ஆகவே படத்தை டொக்கியுமென்ட் ஆக அனுப்பும்படி உறவினரிடம் கேட்டுப் பெறுங்கள். அச்சிடும்போது பளபளப்பற்ற மேட் தாளையே தேருங்கள். பளபளப்பான தாளில் சாளர வெளிச்சம் பட்டால் பனியின் மெல்லிய நிற வேறுபாடுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை.