‘கன்ஃபர்ம் ஆயிருச்சுண்ணே’ என்ற ஒரு வார்த்தைக்கு 6,400 ரூபாய் தண்டம்

மதுரையிலிருந்து பெங்களூரு போக வெளியில் ஏஜென்ட் கடையில் ரயில் டிக்கெட் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 6,400 ரூபாய் போய் இன்றோடு ஒன்பது நாள். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்கு வந்திருந்தோம். திங்கள் காலை பத்து மணிக்கு அம்மாவுக்கு பெங்களூரில் மூட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். ஞாயிறு ராத்திரி ஏறியே ஆகவேண்டும். 2024 ஆகஸ்டில் விட்ட வந்தே பாரத் நல்ல வண்டிதான், ஆனால் விடியற்காலையில் கிளம்பி மதியம் போய்ச் சேரும், அதுவும் உட்கார்ந்தபடியே. ராத்திரி படுத்துப் போய் காலையில் இறங்கத் தோதாக தினமும் ஓடுவது என்று எனக்குத் தெரிந்து தூத்துக்குடி–மைசூரும் நாகர்கோவில்–பெங்களூரும்தான். தென் மாவட்டத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் பெங்களூரில் வேலை பார்க்கிறார்கள், இந்த இரண்டு வண்டி எந்த மூலைக்கு? சேலத்தைத் தாண்டி தர்மபுரி, ஓசூர் பக்கம் பெரும்பாலும் ஒற்றைப் பாதை. ஊர் நம் ஊர், தண்டவாளம் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில். கூடுதல் வண்டி வேண்டும் என்று நாம் யாரிடம் போய் நிற்பது? இந்தப் பற்றாக்குறையை நம்பித்தான் இந்த டிக்கெட் ஏஜென்ட்டுகள் கடையே போடுகிறார்கள்.

அறுபது நாளுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும், என் தப்புதான். டாக்டர் தேதி கிடைத்ததே இரண்டு வாரம் முன்புதான் என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடை. ஜெராக்ஸ், ரீசார்ஜ், ரயில் டிக்கெட் எல்லாம் உண்டு. வெள்ளிக்கிழமை போய்க் கேட்டேன். “தட்கல்ல போட்டுரலாம்ணே, விழலைன்னா கோட்டா இருக்கு. கன்ஃபர்ம் ஆனா மட்டும் காசு குடுங்க” என்றான். இந்தக் கடைசி வார்த்தையில்தான் விழுந்தேன். ஆனால்தானே காசு, நமக்கென்ன நஷ்டம் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை 10.05க்குப் போன் வந்தது. “பத்து மணி ஒரு நிமிஷத்துல போட்டுட்டேண்ணே, கன்ஃபர்ம் ஆயிருச்சு.” ஓடினேன். கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். மூன்று பேர் பெயரும் சரியாக இருந்தது, பி2 பெட்டி, 17, 20, 23. அம்மாவுக்குக் கீழ் பெர்த்தா என்று கேட்டேன். “17 லோயர்தாண்ணே. நம்ம அம்மா மாதிரி, பார்த்துப் போட மாட்டேனா” என்றான். அதைக் கேட்டதும் எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மூன்று பேருக்கு 6,400 ரூபாய். ஜிபே பண்ணும்போது வேறு ஒரு பெண்ணின் பெயர் வந்தது. “வீட்டுக்காரம்மா அக்கவுண்ட்ணே” என்றான். ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுத்தாளில் ‘6400 வரவு’ என்று பால்பாயின்ட் பேனாவில் கிறுக்கிக் கொடுத்தான். அவன் கைப்பட எழுதிய ஆதாரம் அவ்வளவுதான்.

ஞாயிறு ராத்திரி பி2வில் ஏறினால் 17இல் ஒரு பெரியவர் போர்வை விரித்துக்கொண்டிருக்கிறார். டிடிஇ வந்து பி.என்.ஆரைத் தட்டிப் பார்த்தார். “சார், இது வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட். சார்ட் போட்டதும் தானா கேன்சல் ஆயிருச்சு. பணம் டிக்கெட் போட்ட அக்கவுண்டுக்கே போயிரும்” என்றார். அவன் பிரின்ட் போட்டுக் கொடுத்த டிக்கெட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ‘பி2’ என்ற எழுத்து மட்டும் மற்ற எழுத்தைவிடத் தடிமனாக, கோட்டை விட்டு லேசாக இறங்கி இருந்தது. வேறு ஏதோ ஒரு டிக்கெட்டிலிருந்து ஒட்டியிருக்கிறான்! என் 6,400 ரூபாயும் அவனுக்கு, ரயில்வே திருப்பித் தரும் பணமும் அவனுக்கு.

அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கி, ஆட்டோ பிடித்து மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு போய், கிடைத்த பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு முந்தின சீட்டில் விடிய விடிய உட்கார்ந்து வந்தோம். இறங்கும்போது அம்மாவின் கால் செருப்புக்குள் நுழையவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. திங்கள்: “சர்வர் பிரச்சினைண்ணே, ரயில்வேகாரன் கேன்சல் பண்ணிட்டான்.” புதன்: “ரீஃபண்ட் வந்ததும் முதல் ஆளா உங்களுக்குத்தான்.” வெள்ளி: “ஏழு வேலை நாள்ணே, ஞாயிறு கணக்கில்ல.” மச்சானை நேரில் அனுப்பினேன். கடையில் இருந்த தம்பி, “அண்ணன் வெளியூர் போயிருக்காரு” என்று ஜெராக்ஸ் போட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறான். நேற்று வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டேன். “எந்த டிக்கெட்? நீங்க யாரு?” என்கிறான். ‘அண்ணே’ போய்விட்டது, கவனித்தீர்களா.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் கொடுப்பதற்கு முன் பத்து இலக்க பி.என்.ஆரை உங்கள் போனில் நீங்களே போட்டுப் பாருங்கள், 139க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினாலும் நிலவரம் வரும். 2025 ஜூலையிலிருந்து தட்கல் திறந்த முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகள் போடவே கூடாது, ஏ.சி.க்கு 10.30 வரை. ‘பத்து மணி ஒரு நிமிஷத்துல போட்டேன்’ என்று ஏஜென்ட் சொன்னாலே எழுந்து வந்துவிடுங்கள், எனக்கு இது அப்புறம்தான் தெரிந்தது. கோட்டா என்பது ரயில்வே தனியாக ஒதுக்கி வைக்கும் இடம், விலைக்குக் கிடையாது. அனுமதி இல்லாமல் டிக்கெட் விற்றால் ரயில்வே சட்டம் 143ஆவது பிரிவில் மூன்று வருடம் வரை உள்ளே போகலாம், ரயில்வே பாதுகாப்புப் படையில் (ஆர்.பி.எஃப்.) புகார் கொடுங்கள். நான் கொடுத்துவிட்டேன். 6,400 ரூபாய் வருமா என்று கேட்காதீர்கள்.

அம்மாவுக்கு அடுத்த செக்கப் டிசம்பரில். அந்தத் தேதிக்கு முன்பதிவு நாளைக் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. 7.45க்கு அலாரம் வைத்திருக்கிறேன்.