யுஆர்எல்லைப் பிரிப்பதில் யார் சொல்வதைக் கேட்பது: ஆர்எஃப்சி 3986-ஆ, வாட்விஜியா?

யுஆர்எல் என்பது இணைய முகவரி. அதை எப்படிப் பகுதி பகுதியாகப் பிரித்துப் படிப்பது என்று சொல்லும் தரநிலைகள் இரண்டு. ஆர்எஃப்சி 3986 என்ற இணையத் தரநிலை ஆவணம், டிம் பெர்னர்ஸ்-லீ, ராய் ஃபீல்டிங், லாரி மாசின்டர் மூவரும் எழுதி 2005 ஜனவரியில் வந்தது. பிரவுசர் தயாரிப்பாளர்களின் குழுவான வாட்விஜியின் யுஆர்எல் தரநிலைக்குப் பதிப்பு எண்ணே கிடையாது; திருத்திக்கொண்டே இருப்பார்கள். பிரவுசர்கள் கேட்பது இதன் பேச்சைத்தான்.

சாதாரண முகவரிகளில் இரண்டுக்கும் சண்டை இல்லை. அடிப்படை முகவரியின் பாதை /நூல்/பாடம் என்றால், அதன்மேல் "படம்" என்ற சார்பு முகவரியைப் பொருத்தினால் /நூல்/படம் வரும். கடைசிச் சாய்வுக்கோட்டுக்கு அடுத்து இருப்பது கழிந்துபோகும். பாதை /நூல்/பாடம்/ என்று கோட்டோடு முடிந்தால் /நூல்/பாடம்/படம். பக்கத்தில் படம் வராமல் போவதற்குப் பல நேரம் இந்த ஒற்றைக் கோடுதான் காரணம்.

கோணல்மாணலான முகவரி வந்தால்தான் வழி பிரிகிறது. ஆர்எஃப்சி இலக்கணம் சொல்கிறது. இலக்கணம் தவறியதை என்ன செய்வது என்பதை நிரல் எழுதுபவரிடம் விட்டுவிடுகிறது. வாட்விஜி எந்தக் குப்பையைக் கொடுத்தாலும் என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொல்கிறது. நடுவில் டேப் இருந்தால் நீக்கு, எச்டிடிபி முகவரியில் பின்சாய்வை முன்சாய்வாக எடுத்துக்கொள், ஹோஸ்ட் (எந்தச் சர்வர் என்று சொல்லும் பகுதி) இடத்தில் 2130706433 இருந்தால் அது 127.0.0.1 என்ற ஐபி முகவரி.

இதைப் பாருங்கள்:

எச்டிடிபி://வங்கி.உதாரணம்\@திருடன்.உதாரணம்/

வாட்விஜிக்கு ஹோஸ்ட் வங்கி. பின்சாய்வோடு அது முடிந்துவிட்டது. ஆர்எஃப்சிப்படி இது செல்லாத முகவரி. ஆனால் அதன் பின்னிணைப்பில் இருக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனை (எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் சூத்திரத்தை) மட்டும் நம்பி எழுதிய பார்சர் (முகவரியைப் பிரிக்கும் நிரல்), @ குறிக்கு முன்னால் இருப்பதைப் பயனர் பெயர் என்று எடுத்துக்கொண்டு திருடனிடம் போய் நிற்கும். ஒரு பார்சர் சோதிக்க, இன்னொரு பார்சர் இணைப்பை எடுக்க, நடுவில் பாதுகாப்பு ஓட்டை. 2017 பிளாக் ஹாட் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஆய்வாளர் ஆரஞ்ச் சாய் இப்படிப்பட்ட முரண்களை வரிசையாகக் காட்டினார். பைத்தானில் முகவரிகளைப் பொருத்தும் யுஆர்எல்ஜாயின் ஆர்எஃப்சி பக்கம், ஜாவாஸ்கிரிப்ட்டின் யுஆர்எல் கிளாஸ் வாட்விஜி பக்கம், முகவரியிலிருந்து தரவை எடுக்கும் கர்ல் கருவி தனி வழி. ஆக, இரண்டு மொழிகளில் ஓடும் சர்வரில் சோதித்த பார்சர் திருப்பித் தரும் ஸ்ட்ரிங்கையே அடுத்தவருக்குக் கொடுங்கள், வந்த மூலத்தை அல்ல.

தமிழருக்கு வாட்விஜியே தோது. நான் மேலே எழுதிய தமிழ்ப் பாதைகளே ஆர்எஃப்சி 3986-க்கு ஆகாது; அது ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண், சில குறிகள்) மட்டும்தான் ஏற்கும், மற்றதற்கு ஆர்எஃப்சி 3987 வேண்டும். வாட்விஜி பார்சர் "அ"வை வாங்கி, மூன்று பைட்டுகளை, ஒவ்வொன்றுக்கும் முன்னால் % போட்டு, ஒன்பது குறிகளாகத் தானே மாற்றிக்கொள்ளும்.

மனிதர் ஒட்டும், பிரவுசர் திறக்கும் முகவரி எதற்கும் என் ஓட்டு வாட்விஜிக்குத்தான். எக்ஸ்எம்எல் நேம்ஸ்பேஸ் (எக்ஸ்எம்எல் ஆவணத்தில் ஒரு குறிச்சொல் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டும் பெயர்) மட்டும் விதிவிலக்கு. அங்கே முகவரி வெறும் பெயர், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவார்கள். வாட்விஜி பார்சரில் விட்டு எடுத்தால் :80 என்ற போர்ட் எண் காணாமல் போகும், ஹோஸ்டின் பெரிய எழுத்து சிறியதாகும், பெயரே மாறிவிடும்.