பாளையங்கோட்டையில் வீடு பார்க்கிறவங்க கவனத்துக்கு: புரோக்கர் கையில் அட்வான்ஸ் கொடுக்காதீங்க, எங்களுக்கு இரண்டரை லட்சம் போச்சு

பாளையங்கோட்டை, பெருமாள்புரம் பக்கம் வீடு வாங்கவோ விற்கவோ புரோக்கர் தேடிக்கிட்டு இருக்கிறவங்க இதைப் படிச்சிட்டு அப்புறம் போங்க. இரண்டரை லட்சம் ரூபாய். எங்க வீட்டுக்காரர் குவைத்துல வெயில்ல நின்னு சேர்த்த காசு. "தங்கச்சி, தங்கச்சி"ன்னு கூப்பிட்டே ஒருத்தன் வாங்கிட்டுப் போயிட்டான். நேத்துதான் முழு விவரமும் தெரிஞ்சது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல. கோபத்துல எழுதுறேன், முன்னபின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

பேர் போட வேண்டாம்னு வக்கீல் சொல்லிட்டார். மெயின் ரோட்டுல சின்ன ஆபீஸ், கண்ணாடிக் கதவு, வெளியே "வாங்க, விற்க, வாடகை, ஒத்தி"ன்னு போர்டு. இந்த மாதிரி ஆபீஸ் தெருவுக்குத் தெரு இருக்கு. நல்லவங்களும் இருப்பாங்க, நான் சொல்றது இந்த ஒருத்தனைப் பத்தி.

வீடு நல்ல வீடு. நாலு சென்ட், கிணறு, பின்னால ரெண்டு தென்னை. 48 லட்சம் சொன்னான். ஓனர் பம்பாய்ல தாராவியில இருக்காவ, சாவி என்கிட்டதான் இருக்குன்னு சொல்லித் திறந்து காட்டினான். நம்ம ஊர்க்காரங்க பாதிப் பேர் பம்பாய்லதானே இருக்காங்க, அதுல ஒண்ணும் வித்தியாசமா தெரியல. 30 வருஷ வில்லங்கம் எடுத்துக் கொடுத்தான், பட்டா கொடுத்தான். ரெண்டுலயும் ஓனர் பேர் சரியா இருந்தது, கடன் எதுவும் இல்ல. வயித்தெரிச்சல் என்னன்னா அந்தக் காகிதம் எல்லாமே உண்மை. பதிவுத்துறை இணையதளத்துல சர்வே நம்பர் தெரிஞ்சா யார் வேணும்னாலும் பணம் கட்டி வில்லங்கச் சான்று எடுக்கலாம். பட்டாவும் அப்படித்தான். அதைக் கொண்டுவந்து காட்டுறதால அந்த வீட்டை விற்க அவனுக்கு ஒரு அதிகாரமும் வந்துடாது. இது இப்ப வக்கீல் சொல்லித் தெரியுது.

பணம் கொடுத்த அன்னைக்கு வைகாசி முகூர்த்த நாள். எங்க வீட்டுக்கே வந்தான். எங்க ஊர் ஆழ்வார்குறிச்சின்னு தெரிஞ்சதும் "எங்க அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊரு தங்கச்சி"ன்னான். அதுக்கப்புறம் என் மாமியாரும் அவனுக்கு அத்தை, குவைத்துல இருக்கிறவர் மாப்பிள்ளை. மாமியார் நேராவே கேட்டாங்க: "பணத்தை ஓனர் கணக்குலயே போட்டுரலாமே தம்பி?" அதுக்கு அவன், "அத்தை, அவாளுக்கு வருமான வரிப் பிரச்சினை, ரொக்கமாத்தான் கேக்காவ, நான் ஆள் மூலமா அனுப்பிருதேன்"னு சொல்லி, உடனே போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சான். "கொடுங்கம்மா, நம்ம பயதான்"னு ஒரு பெரியவர் குரல். அது ஓனர் குரலே இல்ல. யாரோ.

ஐம்பதாயிரம் போன்ல அவன் நம்பருக்கு. மீதி ரெண்டு லட்சம் ரொக்கம், ஐந்நூறு ரூபாய்த் தாள்ல நாலு கட்டு. தரையில உட்கார்ந்து பெருவிரலை நனைச்சு நனைச்சு எண்ணினான். மூணாவது கட்டுல நிறுத்தி, மறுபடி எண்ணி, ஒரு தாளை உருவி என் மாமியார் கையில வச்சான். "ஒரு தாள் கூட இருக்கு அத்தை, உள்ள வைங்க." ஐந்நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுக்கிறவன் இரண்டரை லட்சத்தைத் தின்பான்னு யாருக்குத் தோணும்? இந்த மாதிரி ஆட்களுக்கு எங்க தொட்டா மனசு இளகும்னு தெரிஞ்சிருக்கு.

ரசீதும் கொடுத்தான். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, மேல கையெழுத்து. "வீடு வகைக்கு ரூ.2,50,000 பெற்றுக்கொண்டேன்." அவ்வளவுதான். ஓனர் பேர் இல்ல, கதவு எண் இல்ல, முன்பணம்ங்கிற வார்த்தையே இல்ல.

அப்புறம் ஆரம்பிச்சது. அக்ரிமெண்ட் எப்ப போடலாம்னு கேட்டா, நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம் முடியட்டும், ஓனர் தேருக்கு வருவாவன்னான். தேர் நிலைக்கு வந்து சேர்ந்துடுச்சு, ஓனர் வரல. ஆடியில யாரு கிரயம் பண்ணுவா தங்கச்சின்னான், அதுவும் நியாயம்தானேன்னு இருந்தோம். ஆடி அமாவாசை சமயத்துல போனே போகல. கேட்டா, குடும்பத்தோட காரையார் சொரிமுத்து அய்யனார் கோயில்ல குடில் போட்டு இருந்தேன், காட்டுக்குள்ள சிக்னல் ஏதுன்னான். சாமி பேரைச் சொல்லிச் சொல்லியே மூணு மாசத்தை ஓட்டிட்டான். ஆவணி பிறந்ததும் போனை எடுக்கிறதையே நிறுத்திட்டான்.

நேத்து அந்த வீட்டுக்கே போனோம். எதிர் வீட்டு அக்கா, "நீங்களும் அட்வான்ஸ் கொடுத்தியளா?"ன்னு கேட்டாங்க. எங்களுக்கு முன்னாடியே ஒரு குடும்பம் வந்து வாசல்ல அழுதுட்டுப் போச்சாம். அந்த அக்காகிட்டதான் ஓனரோட உண்மையான நம்பர் கிடைச்சது. பாவம், அந்த மனுஷன் பதறிட்டார். "நான் வீட்டை விக்கவே சொல்லலையேம்மா. வாடகைக்கு ஆள் பாக்கச் சொல்லித்தானே சாவி கொடுத்தேன்."

நேரா அவன் ஆபீஸுக்குப் போனோம். "ஏம்மா, அது என் சர்வீஸ் சார்ஜ். இத்தனை வீடு காட்டினேன்லா? ரசீதுல அட்வான்ஸ்னு எங்க இருக்கு, காட்டு"ன்னான். வீடு காட்டினதுக்கு இரண்டரை லட்சம் சர்வீஸ் சார்ஜாம். ஸ்டேஷன்ல "இது சிவில்மா, கோர்ட்டுல பாத்துக்கோங்க"ன்னு எழுதிக்கூட வாங்கல. வக்கீல் அப்படி இல்லைன்னு சொல்றார்: பொய்க் குரல் கேட்க வச்சு, ஆரம்பத்துலயே ஏமாத்தும் நோக்கத்தோட வாங்கியிருக்கான், இ.பி.கோ.வுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டம் 318-வது பிரிவுல மோசடிப் புகாரே கொடுக்கலாம்னு.

அவசரமா சில விஷயம் சொல்லிடுறேன். அட்வான்ஸை, வீட்டுப் பத்திரத்துல பேர் இருக்கிறவரோட வங்கிக் கணக்குல மட்டும்தான் போடணும். வீட்டுக்கான முன்பணம் 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கவே வருமான வரிச் சட்டத்துல தடை இருக்கு. ரொக்கம் கேட்டாலே எழுந்து வந்துடுங்க. ஓனர் வெளியூர்னா வீடியோ கால்ல முகம் பாருங்க, அக்கம்பக்கத்துல நம்பர் வாங்கி நீங்களே கூப்பிடுங்க. ஓனருக்குப் பதிலா புரோக்கர் கையெழுத்துப் போடுறேன்னா, அதுக்கு ஓனர் அதிகாரம் கொடுத்துப் பதிவு பண்ணின பவர் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்க. மனைப்பிரிவு, அபார்ட்மெண்ட் விற்கிற ஏஜெண்டுன்னா ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கேளுங்க. எங்களை மாதிரி தனி ஆளோட பழைய வீடு வாங்கினா ரெரா வராது, அதனால இன்னும் கவனம் வேணும். விற்கிறவங்களும் வாடகைக்குன்னு சாவி கொடுத்தா, வாடகைக்கு மட்டும்னு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கோங்க.

திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனு கொடுக்கப் போறோம். எங்களுக்கு முன்னாடி அந்த வாசல்ல வந்து அழுதுட்டுப் போன குடும்பம் இதைப் பார்த்தா, தயவுசெஞ்சு எனக்குத் தனியா மெசேஜ் போடுங்க. உங்க ரசீதும் எங்க ரசீதும் ஒண்ணா சேர்ந்தா அது சிவில்னு சொல்லி அனுப்ப முடியாதுன்னு வக்கீல் சொல்றார்.