கட்டெறும்பா, முசுறா, குதிக்கிற எறும்பா, ஸ்பெயின் மெஸ்ஸாரா? எத வளக்கலாம்

யூட்யூப்ல எறும்பு வளக்குற வீடியோ பாத்துட்டு எனக்கும் ஒரு காலனி வேணும், எது நல்லதுன்னு கேக்குறவங்க இப்ப நிறைய பேர் ஆயிட்டாங்க. கேக்குறப்பவே பாதிப் பேர் மனசுல ஒரு ஃபாரின் எறும்பு இருக்கும், பெரும்பாலும் விதை திங்கிற ஸ்பெயின் எறும்பான மெஸ்ஸார் பார்பரஸ், ஏன்னா அந்த வீடியோ போடுறவங்க நிறைய பேர் ஐரோப்பாக்காரங்க. கூத்து என்னன்னா அங்க உள்ளவங்க எக்ஸாட்டிக்னு காசு குடுத்து வாங்குற லிஸ்ட்ல நம்ம மாமரத்து முசுறும் நம்ம மலைக்காட்டுல குதிக்கிற எறும்பும் இருக்கு. அதனால நாலையும் ஒண்ணா வச்சே பாத்துடலாம். என் ஓட்டு கட்டெறும்புக்கு, ஏன்னு போகப் போக சொல்றேன்.

மொதல்ல கையில இருக்கறது என்ன எறும்புன்னு தெரியணும். கட்டெறும்புன்னு ஊருக்கு ஊர் வேற வேற எறும்ப சொல்லுவாங்க. நான் சொல்றது காம்போனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸ், பெரிய கருப்பு எறும்பு, ஒரே கூட்டுல சின்ன வேலைக்காரியும் இருக்கும் தலை பெருத்த மேஜரும் இருக்கும். சைடுல இருந்து பாத்தா முதுகு மேடு பள்ளம் இல்லாம ஒரே வளைவா இறங்கும், இடுப்புல ஒரே ஒரு கணு, கொடுக்கு கிடையாது, கடிச்சு அந்த இடத்துல ஃபார்மிக் ஆசிட் அடிக்கும், அவ்ளோதான். கிட்டத்தட்ட இதே சைஸ்ல டயகம்மான்னு ஒண்ணு தரையில திரியும், உடம்பு பூரா கைரேகை மாதிரி வரி ஓடும், எல்லாமே ஒரே அளவு, கொடுக்கும் உண்டு. அதுல ராணின்னு தனியா ஒரு ஜாதியே கிடையாது, வேலைக்காரிகள்ல ஒண்ணுதான் இணை சேந்து முட்டை போடும், அதனால மழை நாள் பூரா தேடினாலும் டயகம்மா ராணி கிடைக்கப் போறதில்ல. நிஜமா பயப்பட வேண்டியது மூணாவது ஆளு, டெட்ராபோனெரா ரூஃபோநைக்ரா. தலையும் வயிறும் கருப்பு, நடுவுல ஆரஞ்சு, ஒல்லியா நீளமா மரத்துல ஓடும், இடுப்புல ரெண்டு கணு. இது கொட்டி அனாஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான அலர்ஜி வரைக்கும் போன கேஸ் இலங்கையிலயும் தாய்லாந்துலயும் மருத்துவ ஜர்னல்ல பதிவாகியிருக்கு, வீட்ல அலர்ஜி உள்ளவங்க இருந்தா இது பக்கமே போகாதீங்க.

மழை பெஞ்ச ராத்திரி ட்யூப்லைட்ட சுத்துறதெல்லாம் எறும்பு ராணின்னு அள்ளிட்டு வர்றவங்களுக்கு ஒண்ணு. நாலு இறக்கையும் ஒரே நீளமா இருந்து இடுப்பே இல்லாம இருந்தா அது ஈசல், கறையான் வகை. எறும்புக்கு முன் இறக்கை பெருசு, பின் இறக்கை சிறுசு, இடுப்பு நல்லா சிறுத்திருக்கும், உணர்கொம்பு நடுவுல மடங்கும். சின்னத் தலையோட ஒல்லியா இருந்தா ஆண், அத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. தோள் பருத்து, இறக்கைய உதுத்துட்டு செவுத்தோரமா பரபரன்னு ஓடுதா, அதான் உங்களுக்கு வேண்டிய ராணி.

சரி கட்டெறும்பு. இதோட பெரிய ப்ளஸ், ராணிக்கு ஆரம்பத்துல சாப்பாடே வேணாம். டெஸ்ட் ட்யூப்ல பாதி தண்ணி, காட்டன் வச்சு அடைச்சு, இந்தப் பக்கம் ராணிய விட்டு இன்னொரு காட்டன், இருட்டா ஒரு டிராயர்ல வச்சுட்டா போதும், பறக்கறதுக்கு வச்சிருந்த சதையும் உடம்புல உள்ள கொழுப்பும் கரைஞ்சுதான் முதல் புள்ளைகள் வளரும். தினம் எடுத்துப் பாக்காதீங்க, ட்யூப் ஆடினாலே முட்டைக் கொத்தையெல்லாம் வாயில கவ்விக்கிட்டு மூலைக்கு ஓடும், ரொம்ப பயந்துட்டா முட்டைய தானே தின்னுடும். நம்ம ஊர் சூட்டுக்கு ஒண்ணு ரெண்டு மாசத்துல முதல் வேலைக்காரிங்க வந்துடும், தாய்க்குப் பக்கத்துல பொடிசா இருக்கும், இதென்ன வேற எறும்பான்னு சந்தேகமே வரும், பயப்படாதீங்க முதல் பேட்ச் எப்பவும் குட்டைதான். அப்புறம் சர்க்கரத் தண்ணி ஒரு சொட்டு, வாரத்துல ஒண்ணு ரெண்டு தடவ கரப்பான் குஞ்சோ வெட்டுக்கிளிக் காலோ. வீட்ல அடிச்சுக் கொன்ன கரப்பான் வேணாம், அதுல ஸ்ப்ரே மருந்து இருக்கலாம், கொசு லிக்விட் ஓடுற ரூம்லயும் ட்யூப வைக்காதீங்க, அந்த மருந்து எறும்பையும் கொல்லும்.

மைனஸும் இருக்கு. முதல் வருஷம் ரொம்ப ஸ்லோ, கெத்தான மேஜர்லாம் காலனி பெருத்த பிறகுதான் வரும், பெரும்பாலும் ராத்திரிலதான் நடமாட்டம், பகல்ல ஃப்ரெண்டு வந்து பாத்தா இதுக்கா இவ்ளோ பில்டப்னு கேப்பான். கூட்டுக்கு ஆன்லைன்ல அக்ரிலிக் செட்டப் வாங்கணும்னு இல்ல, கட்டட வேலை நடக்கற இடத்துல ஏஏசி பிளாக், அதான் செங்கலுக்குப் பதிலா வைக்கிற லேசான கான்கிரீட் கல்லு, அதுல ஒரு துண்டு கெஞ்சிக் கேட்டா கிடைக்கும், ஸ்க்ரூ டிரைவராலயே குடைஞ்சுடலாம், ஒரு ஓரம் தண்ணி விட்டா ஈரமும் நிக்கும், மேல ஒரு கண்ணாடி. ஐரோப்பாவுல ஹாபிக்காரங்க ரொம்ப நாளா பண்றது இதான்.

முசுறு வேற லெவல், ஆனா வீட்டுக்கு வேணவே வேணாம். ஓகோஃபில்லா ஸ்மராக்டினா, தோட்டத்துல மாங்கா பறிக்க ஏறினவங்க எல்லாருக்கும் அறிமுகம் தேவையில்லாத ஆளு. கூடு கட்டறத ஒரு தடவ கிட்ட நின்னு பாருங்க, ஒரு இலை ஓரத்த கவ்வின எறும்போட இடுப்ப இன்னொண்ணு கவ்வி, அத இன்னொண்ணு கவ்வி சங்கிலியா இழுத்து ரெண்டு இலையையும் ஒட்ட வச்சதும், உள்ள இருந்து ஒருத்தி புழுவ வாயில தூக்கிட்டு வந்து இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமா மாத்தி மாத்தி தொட வைப்பா, புழு வாயில இருந்து வர்ற பட்டு நூல்தான் பசை. இத ரூம்ல பாக்கணும்னா உயிரோட ஒரு செடி வேணும், வளந்த காலனில லட்சக்கணக்குல எறும்பு இருக்கும், எந்தத் தடுப்ப வச்சாலும் ஓட்டை தேடும். சிலர் மரத்துல இருந்து ஒரு கூட்ட அப்படியே பிச்சு கவர்ல போட்டுட்டு வருவாங்க, அதுல பிரயோஜனமே இல்ல. ஒரு காலனி பல மரத்துல நிறைய கூடு கட்டியிருக்கும், ராணி அதுல ஏதோ ஒண்ணுலதான் இருப்பா, நீங்க பிச்சது அதுவா இருக்க வாய்ப்பு கம்மி, ராணி இல்லாத கூட்டம் கொஞ்ச நாள்ல தேஞ்சு போயிடும். ஒடிசா மயூர்பஞ்ச்ல இத சட்னியா அரைக்கிறாங்க, 2024 ஜனவரில புவிசார் குறியீடே வாங்கிடுச்சு. அது அவங்க பாடு, நாம மரத்தடில நின்னு பாத்தா போதும்.

குதிக்கிற எறும்பு, ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர், இதுல எனக்கு ஒரு தனி மோகம் உண்டு. மதராஸ் ராணுவத்துல டாக்டரா இருந்த ஜெர்டன் 1851ல தென்னிந்திய எறும்புகள பட்டியல் போட்டப்ப பேர் வச்சது. நீளமா முன்னாடி நீட்டிக்கிட்டு மேல வளைஞ்ச தாடை, முகத்துல பாதிக்கு கண்ணு, இரைய பாத்துட்டா கொஞ்சம் நின்னு குறி வச்சு ஒரே பாய்ச்சல், கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் தாண்டும். ராணி செத்தா இன்னும் வேடிக்கை, வேலைக்காரிங்க உணர்கொம்பால ஒருத்திய ஒருத்தி அடிச்சு நாள்கணக்குல போட்டி போடும், ஜெயிச்சவங்க முட்டை போட ஆரம்பிப்பாங்க, அவங்க மூளை ஐஞ்சுல ஒரு பங்கு சுருங்கிடும், திரும்ப பழைய வேலைக்குத் தள்ளினா மறுபடி வளந்துடும்னு 2021ல வந்த ஆராய்ச்சி சொல்லுது.

ஆனா வளக்குறதுன்னு வந்தா கட்டெறும்புக்கு நேர் எதிர். ராணியே வெளில போய் வேட்டையாடித்தான் முதல் புள்ளைகள வளக்கணும், அதனால டெஸ்ட் ட்யூப்ல அடைச்சுட்டு மறந்துட முடியாது, உயிரோட சின்ன சின்ன பூச்சி விட்டுக்கிட்டே இருக்கணும், எப்பவும் ஈரம் வேணும், ஈரத்துல மிச்ச இரை பூஞ்சை பிடிக்காம எடுத்துட்டே இருக்கணும். கொட்டவும் செய்யும். போதாக்குறைக்கு, சரணாலயம், தேசியப் பூங்காவுக்குள்ள பெர்மிஷன் இல்லாம எந்த உயிரையும் எடுக்கறது குற்றம், எறும்புதானேன்னு விட மாட்டாங்க.

கடைசியா மெஸ்ஸார் பார்பரஸ். உண்மைய சொல்லணும்னா வளக்க ஈஸியான எறும்புல இதுவும் ஒண்ணு. ஸ்பெயின், போர்ச்சுகல், வட ஆப்பிரிக்கா பக்கத்து எறும்பு, விதைதான் முக்கிய சாப்பாடு, மேஜர்கள் அத தாடையால உடைக்க எல்லாருமா மென்னு மாவுருண்டையா பண்ணி வச்சுக்குவாங்க, பூச்சி கொஞ்சமா குடுத்தா போதும், நாத்தம் இல்ல. ராணியும் கட்டெறும்பு மாதிரியே பட்டினி கிடந்து புள்ள வளக்குறவதான். குளிர்காலத்துல மட்டும் 10-15 டிகிரில கொஞ்ச மாசம் ஓய்வு தேவை, சென்னைல அதுக்கு எங்க போறது. அதெல்லாம் சமாளிச்சாலும் இறக்குமதிங்கிற பெரிய கல்லு வழில கிடக்கு, 2003ம் வருஷத்து தாவரத் தனிமைப்படுத்தல் உத்தரவுப்படி உயிருள்ள பூச்சி உள்ள வரணும்னா பெர்மிட் வேணும், ஹாபிக்காக பார்சல்ல ஒளிச்சு வரவழைக்கறது கடத்தல்தான். 2025ல கென்யால பெல்ஜியம் பசங்க ரெண்டு பேர் கிட்டத்தட்ட 5,000 ராணி எறும்ப, அதுலயும் மெஸ்ஸார் செஃபலோட்ஸ, காட்டன் அடைச்ச ட்யூப்ல வச்சு மாட்டினாங்க, ஆளுக்கு 10 லட்சம் கென்ய ஷில்லிங் ஃபைன், கட்டலன்னா ஒரு வருஷம் ஜெயில்.

சட்டத்த விடுங்க, தப்பிச்சுப் போனா என்ன ஆகும்னும் யோசிக்கணும். 2022ல திண்டுக்கல் கரந்தமலை அடிவாரத்துல ஊடுருவிப் பரவுற வகையான மஞ்சள் பைத்தியக்கார எறும்பு (யெல்லோ கிரேஸி ஆன்ட்) பெருகி ஆடு மாடு வச்சிருக்கறவங்க பட்ட பாடு நியூஸ்ல வந்துச்சே. விதை திங்கிற எறும்புதான் ஆசைன்னா நம்ம ஊர்லயே ட்ரைகோமிர்மெக்ஸ் ஸ்கேப்ரிசெப்ஸ் இருக்கு, காஞ்ச தரையில ஓட்டைய சுத்தி உமி வட்டமா கொட்டிக் கிடந்தா அனேகமா இதுதான். மெஸ்ஸார் அளவுக்கு சைஸ் இல்ல, ஆனா புல் விதை, ராகி போட்டா இழுத்துட்டுப் போற அழகு அதே அழகுதான்.

ராணி கிடைச்சதும் என்ன எறும்புன்னு கேக்குறவங்க மேல இருந்து எடுத்த ஒரே ஒரு மங்கலான போட்டோவ அனுப்பாதீங்க. சைடுல இருந்து ஒண்ணு இடுப்புக் கணு தெரியற மாதிரி, நேரா முகம் ஒண்ணு, மேல இருந்து ஒண்ணு பக்கத்துல ஸ்கேல் வச்சு, கூட எந்த ஊர், எந்த மாசம், பகலா ராத்திரியான்னு எழுதுங்க. இவ்ளோ இருந்தா பேரினம் வரைக்காவது தெரிஞ்சவங்க சொல்லிடுவாங்க.